றேச்சல் பிரவுண்: மண்ணில் மருந்து கண்ட இரசாயனவியலாளர்

பச்சிளங் குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெண்படலம் படர்ந்தால், வைத்தியர்களாகிய நாங்கள் பெரும்பாலும் எழுதிக்கொடுக்கும் மருந்து நிஸ்ரற்றின். எழுபது ஆண்டுகளாகப் பாவனையில் இருக்கும் இம்மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். அவர்களுள் ஒருவரான இரசாயனவியலாளர் றேச்சல் ஃபுல்லர் பிரவுண் அம்மையாரை எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமானது.

அவர் 1898ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் பிறந்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் தந்தையார் குடும்பத்தை விட்டுப் பிரிந்துசென்றார். தாயார் வேலைக்குப் போய் றேச்சலையும் தம்பியையும் வளர்த்தார். மேற்படிப்புக்குப் பணம் இருக்கவில்லை. பாட்டியின் தோழியான ஹென்றியெற்றா டெக்ஸ்ரர் என்னும் வசதிபடைத்த பெண்மணி, பிள்ளையின் விடாமுயற்சியைக் கண்டு, மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் அவர் படிப்பதற்கான செலவை ஏற்றார். வரலாறு படிக்கச் சென்ற றேச்சல், கட்டாய பாடமாக எடுத்த இரசாயனவியலை விரும்பிக் கற்று, 1920இல் இரு பாடங்களிலும் பட்டம் பெற்றார்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் அங்கு திரும்பிச் சென்று, 1926இல் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை முடித்தார். ஆனால் வாய்மொழிப் பரீட்சை தாமதமாயிற்று. கையிலிருந்த பணமும் தீர்ந்தது. பட்டமில்லாமலே அல்பனி நகரில், நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகளின் பின், மாநாடு ஒன்றுக்காகச் சிக்காகோ சென்றபோதுதான் அப்பரீட்சைக்குத் தோற்றிக் கலாநிதியானார். அல்பனியில் நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியா வகைகள் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார்.

1940களில் பெனிசிலினும் ஸ்ரெப்ரோமைசினும் பாவனைக்கு வந்தன. அவை பற்றீரியாக்களை அழித்தன; பங்கசுக்களை ஒன்றும் செய்யவில்லை. பற்றீரியாக்கள் அழிந்த இடத்தில் பங்கசுக்கள் தடையின்றிப் பெருகின. அவற்றைக் கொன்று மனிதரை வருத்தாத நுண்ணுயிர்கொல்லி எதுவும் அன்று கைவசம் இருக்கவில்லை.

1948இல் இத்தேடல் தொடங்கியது. அதே திணைக்களத்தின் நியூயோர்க் நகரக் கிளையில் இருந்த நுண்ணுயிரியலாளர் எலிசபெத் லீ ஹேசன், பல இடங்களின் மண்ணிலிருந்து நுண்ணங்கிகளை வளர்த்துப் பங்கசுக்கு எதிராகச் சோதித்தார். பயன் தெரிந்தவற்றைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு அல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். செயற்படும் பொருளைப் பிரித்தெடுத்து, தூய்மைப்படுத்தி, மீண்டும் தபாலில் அனுப்புவது பிரவுணின் வேலை. பங்கசுவைக் கொன்ற பொருள்கள் பெரும்பாலும் ஆய்வுகூட விலங்குகளையும் கொன்றன.

இறுதியில் வேர்ஜீனியா மாநிலத்தில், ஹேசனின் நண்பர்களான நோர்ஸ் குடும்பத்தினரின் பண்ணை மண்ணில் புதியதொரு நுண்ணங்கி அகப்பட்டது. அதற்கு அக்குடும்பத்தின் பெயரால் ஸ்ரெப்ரோமைசிஸ் நோர்சியை என்று பெயரிட்டனர். அதிலிருந்து பிரவுண் இரு பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்று விலங்குகளுக்கு நஞ்சாயிற்று, மற்றையதே மருந்தாயிற்று. 1950இல் அறிவிக்கப்பட்ட இம்மருந்து, நியூயோர்க் மாநிலத்தின் பெயரைத் தழுவி நிஸ்ரற்றின் எனப்பட்டது. 1954இல் ஸ்குவிப் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இம்மருந்து பங்கசுக் கலத்தின் மென்சவ்விலுள்ள எர்கோஸ்ரெரோலுடன் பிணைந்து துளைகளை உண்டாக்குகிறது. கலத்தின் உள்ளடக்கம் கசிந்து பங்கசு இறக்கிறது. எமது கலங்களில் எர்கோஸ்ரெரோல் இல்லை, கொலஸ்ரரோலே உண்டு. விழுங்கினாலும் குடலில் மிகச் சொற்பமே உறிஞ்சப்படுவதால் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். 1966இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரை வெள்ளம் மூழ்கடித்தபோது, ஓவியங்களில் பூத்த பூஞ்சணத்தை அழிக்கவும் நிஸ்ரற்றின் பயன்பட்டது.

காப்புரிமையால் கிடைத்த வருமானம் ஒரு கோடியே முப்பது இலட்சம் டொலருக்கும் மேல். இரு பெண்களும் அதில் தமக்கென எதையும் எடுக்கவில்லை. ஒரு பாதி ஆராய்ச்சிகளுக்கு உதவும் அறநிறுவனமான றிசேர்ச் கோப்பரேசனுக்குச் சென்றது. மறு பாதியில் பிரவுண்–ஹேசன் நிதியம் அமைந்தது. நிதியம் உயிரியல் கல்விக்கும் பங்கசு நோய் ஆராய்ச்சிக்கும் உதவியது. பிரவுண் ஓய்வுபெறும்வரை அரச சம்பளத்திலேயே வாழ்ந்தார். 1980 ஜனவரி 14இல் காலமானார்.

டெக்ஸ்ரர் அம்மையாரின் பெயர் எந்த மருந்துப் போத்தலிலும் இல்லை. அவர் செய்தது ஒரு மாணவியின் கல்லூரிச் செலவைக் கொடுத்தது மட்டுமே. இன்று எமது கல்லூரியிலும் திறமையிருந்தும் வசதியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் யார் என்னவாக வருவார் என்பதை முன்கூட்டி அறிய எவராலும் முடியாது. பழைய மாணவிகளாகிய நாம் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்றாலே, சங்கத்தின் அடுத்த நூற்றாண்டு நல்லபடி தொடங்கும்.