கல்லில் பறவை வரைந்த எலிசபெத் கூல்டு அம்மையார்

ஓவிய வகுப்பில் ஒரு கிளியை வரைந்து வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அதே கிளியை அதே பச்சையில் மீண்டும் ஒரு முறை தீட்டச் சொன்னாலோ, இரண்டாவது கிளி முதற்கிளிக்குத் தூரத்து உறவாகக்கூட இராது! ஆனால் ஒரே படத்தின் சுமார் 250 பிரதிகளுக்கும் ஒன்றுபோலவே கையால் வண்ணம் தீட்டி நூலாக்கிய காலம் ஒன்று இருந்தது. வண்ண அச்சு பரவுவதற்கு முன் இங்கிலாந்தில் பறவை நூல்கள் அப்படித்தான் உருவாயின. அத்தகைய நூல்களுக்கு மூலப்படம் வரைந்தவர்களுள் எலிசபெத் கூல்டு அம்மையார் சிறந்தவர்.

இவர் 1804-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். இளம் வயதில் இலண்டனில் ஒரு வீட்டில் தங்கி, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையாக இருந்தார். அங்கே தனிமையே அவரை வாட்டியது. 1829-இல் ஜான் கூல்டு என்பவரை மணந்தார். இறந்த பறவைகளின் தோலைப் பதப்படுத்தி, பஞ்சடைத்து, உயிருள்ளவை போல் நிறுத்திவைப்பது ஜானின் தொழில். இலண்டன் விலங்கியல் கழகம் அவரை அதற்கென்றே அமர்த்தியிருந்தது.

சிறிது காலத்தில் இமயமலைப் பறவைகளின் தோல்கள் வந்து சேர்ந்தன. அவற்றைப் படங்களுடன் பெரிய நூலாக வெளியிட வேண்டும் என்று ஜான் ஆசை கொண்டார். அவருக்கோ அவசரக் கோட்டுச் சித்திரம் போடத்தான் வரும். ஆகவே வேலை எலிசபெத் அம்மையாரிடம் வந்தது. எட்வர்டு லியர் என்னும் இளம் ஓவியர் வழிகாட்ட, அம்மையார் கல்லச்சுக் கலையைக் கற்றுக்கொண்டார்.

கல்லச்சு என்பது எளிதன்று. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரையவேண்டும். பிறகு கல்லை நனைத்து மையைத் தடவினால், வரைந்த கோட்டில் மட்டும் மை ஒட்டும். ஈரமுள்ள இடத்தில் ஒட்டாது. படம் இடம் வலமாக மாறி விழும் என்பதால், வலப்பக்கம் பார்க்கவேண்டிய பறவையை இடப்பக்கம் பார்த்ததாக வரையவேண்டும். அச்சாகி வருவது வெறும் கறுப்புக் கோடுகளே. மாதிரிப் படம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, வண்ணம் தீட்டுவோர் ஒவ்வொரு தாளுக்கும் நீர்வண்ணம் பூசுவார்கள்.

இமயமலை நூலில் 80 படங்கள், 100 பறவைகள். உரை எழுதிய விகர்ஸ் என்னும் அறிஞர், ஓர் அழகிய தேன்சிட்டுக்கு அம்மையாரின் பெயரையே 1831-இல் சூட்டினார். நம் நாட்டு இமயச் சாரலில் இன்றும் பறக்கும் அச்சிட்டு உயிரோடிருப்பதை அம்மையார் கண்டதேயில்லை. உலர்ந்த தோலைப் பார்த்தே அதற்கு உயிர் கொடுத்தார்.

அந்த முதல் நூலின் படங்களில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அடுத்து வந்த ஐரோப்பியப் பறவைகள் நூலில் கணவர் பெயர் முன்னும் அவர் பெயர் பின்னுமாக ஆகிவிட்டது. அதிலுள்ள 448 படங்களில் லியர் வரைந்த 68 போக, மற்றவை பெரும்பாலும் அம்மையாரின் கைவண்ணம். இடையில் குழந்தைகளும் பிறந்தன. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் சென்று கொண்டுவந்த பறவைகளுக்கான 50 படங்களையும் கல்லில் வரைந்தவர் அம்மையாரே. டார்வின் அதைத் தம் நூலில் பாராட்டியே குறிப்பிட்டார்.

1838 மே மாதம் கணவரும் மனைவியும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினர். மூத்த மகனை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, மற்ற மூன்று சிறு குழந்தைகளைத் தம் தாயிடம் விட்டுச் சென்றார் அம்மையார். ஒரு வழிப் பயணமே நான்கு மாதம்! அவர் செய்தது சரியா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. விடுதித் தோழியர் தவறு என்றனர். வேறு சிலர், தந்தை போனால் மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை என்று திருப்பிக் கேட்டனர். தாய்க்கு அவர் எழுதிய கடிதங்களில் குழந்தைகளின் ஏக்கமே நிறைந்திருக்கிறது.

ஹோபர்ட் நகரில் ஆளுநர் ஃபிராங்க்ளின் மாளிகையில் தங்கினார். அங்கே 1839-இல் பிறந்த மகனுக்கு ஆளுநரின் பெயரையே வைத்தார். கணவர் காடு மேடெல்லாம் அலைந்து பறவைகளைச் சேர்க்க, அம்மையார் அவற்றையும் அந்நாட்டுச் செடிகளையும் நாள்தோறும் வரைந்தார்.

1840 ஆகஸ்டில் இங்கிலாந்து திரும்பிக் குழந்தைகளோடு சேர்ந்தார். அந்த மகிழ்ச்சி ஓராண்டுதான் நீடித்தது. எட்டாவது குழந்தையைப் பெற்ற சில நாட்களில் காய்ச்சல் கண்டு, 1841 ஆகஸ்டு 15-ஆம் நாள், 37-ஆம் வயதில் காலமானார். ஆஸ்திரேலியப் பறவைகள் நூலுக்கு அவர் முடித்திருந்தவை 84 படங்கள். ரிக்டர் என்னும் ஓவியர் பணியைத் தொடர, 1848-இல் ஏழு தொகுதிகளும் 600 படங்களும் நிறைவுற்றன. பிரதிகளையும் பெருக்கிப் பார்த்தோம். கையால் வண்ணம் தீட்டிய தாள்கள் ஏறக்குறைய 1,50,000! அவற்றைத் தீட்டியவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

ஜான் கூல்டு மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1844-இல் வட ஆஸ்திரேலியாவின் ஒரு சிறு குருவியை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். பச்சை முதுகும், ஊதா மார்பும், மஞ்சள் வயிறுமாக வண்ணப்பெட்டியையே கவிழ்த்தாற்போன்ற குருவி அது. அதைக் கூல்டு குருவி என்கிறார்கள். கணவரின் பெயர் என்று பலரும் நினைக்கின்றனர். ஆனால் அதன் இலத்தீன் பெயர் கூல்டியே என்று பெண்பாலில் முடிகிறது. ஜான் அதைத் தம் மனைவியின் நினைவாகவே சூட்டினார்.