ஓவியர் கவிஞரானார்: நாமக்கல் கவிஞர் வாழ்வு காட்டும் கற்றல் நெறி

கவித்திறம் பிறவியிலேயே வாய்ப்பதா, பயிற்சியால் வளர்வதா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. நம் இலக்கிய மரபில் முதல் விடைக்குச் சான்றாகும் கதைகளே மிகுதி. சீர்காழியில் அம்மையின் ஞானப்பாலை உண்ட மூன்று வயதுக் குழந்தை பதிகம் பாடியது. திருவானைக்காவில் தாம்பூலச் சாறு பெற்ற மடைப்பள்ளிப் பணியாளர் கவி காளமேகமானார். ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் பாடத் தொடங்கினார். இவை இறையருளின் பெருமையைக் கூற எழுந்தவை. குழந்தைகள் எவ்வாறு கற்கின்றனர் என்பதை விளக்க எழுந்தவையல்ல.

ஆயினும் இக்கதைகளிலிருந்து நாம் வேறொரு முடிவையும் எடுத்துக்கொண்டோம். வரவேண்டியவர்க்குத் திறமை தானே வரும். மற்றவர் எவ்வளவு முயன்றும் பயனில்லை என்பதே அது. கல்லூரிக்கு வரும் மாணவியருள் கணிசமானோர் ஒரு வெண்பாவேனும் எழுதிப் பார்க்காமலே கவிதை தமக்கு வராது என்று உறுதியாகக் கூறுவதை ஆசிரியப் பணியில் இருப்போர் அனைவரும் அறிவர். முயன்று தோற்றபின் பிறந்த முடிவன்று அது. யாரோ, எப்போதோ, சிறுவயதில் சொல்லிவைத்த முடிவு.

இம்முடிவை மறுக்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரையில் மோகனூரில் பிறந்து, நாமக்கல்லைத் தம் பெயரின் முன்னொட்டாகவே ஆக்கிக்கொண்ட வெ. இராமலிங்கம் பிள்ளையின் வாழ்வே போதுமான சான்றாகும்.

இளமைச் சூழல்

இராமலிங்கம் பிள்ளை 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் வெங்கடராமன், அம்மணியம்மாள் இணையருக்கு எட்டாவது குழந்தையாகப் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். தாயார் இறைப்பற்று மிக்கவர். இராமாயண, பாரதக் கதைகள் வீட்டில் செவிவழியே கிடைத்தன. பிற்காலத்தில் கம்பனையும் வால்மீகியையும் ஒப்பிட்டு நூலெழுதிய அறிஞருக்கு முதற்பாடம் ஏட்டில் தொடங்கவில்லை. தாயின் குரலில் தொடங்கிற்று எனலாம்.

நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக் கல்வி. பின்னர்த் திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியில் உயர்கல்வி. எழுத்தறிந்தோரே மிகக் குறைவாக இருந்த அக்காலத்தில் இது எளிதில் கிட்டாத வாய்ப்பு. அரசுப் பணியாளர் ஒருவர் தம் மைந்தனுக்கு இவ்வளவு கல்வி அளிக்கும்போது, அவனும் அரசுப் பணியில் அமர வேண்டும் என்பதே ஊரார் எதிர்பார்ப்பாக இருந்திருக்கும். அவ்வண்ணமே அவர் நாமக்கல் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தரானார். அப்பணி நிலைக்கவில்லை. 1912இல் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. அன்றைய கண்ணோட்டத்தில் நோக்கினால், இருபத்தைந்து வயதை எட்டாத அவ்விளைஞர் ஒன்றிலும் நிலைகொள்ளாதவராகவே தோன்றியிருப்பார்.

தூரிகை தந்த துணிவு

அவர் கை நிலைகொண்ட இடம் ஒன்று உண்டு, அது ஓவியம். இளமை முதலே படம் வரைவதில் அவருக்கு நாட்டம் இருந்தது. ஒரே பாறையாய் எழுந்த மலையும், அதனைக் குடைந்தமைத்த நரசிம்மர் குடைவரைக் கோயிலும் அதன் புடைப்புச் சிற்பங்களும் கொண்டது நாமக்கல் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். உருவங்களைக் காணும் கண்ணுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. 1911இல் தில்லியில் நிகழ்ந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி அவர் தீட்டிய ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தது. அதன்பின் ஓவியமே அவர்தம் வாழ்க்கைத் தொழிலாயிற்று.

ஓவியத் தொழில் ஒருவருக்குக் கற்பிப்பது யாது? வரைந்த கோடு பிழையானால் அழித்து மீண்டும் வரையலாம் என்பதே முதற்பாடம். முகத்தின் சாயல் ஒரே முயற்சியில் கிட்டுவதில்லை. பிழையைத் தன் இயலாமைக்குச் சான்றாகக் கொள்ளாமல், அடுத்த கோட்டுக்கு வழிகாட்டியாகக் கொள்ளும் பழக்கம் தூரிகை பிடித்த கைக்கு இயல்பாக அமைகிறது. இப்பழக்கமே பின்னர் அவருடைய எழுத்துக்கும் துணைநின்றது என்று கருத இடமுண்டு.

ஒரு சொல்லின் ஆற்றல்

ஓவியராய் ஊரறிந்த இராமலிங்கம் பிள்ளை பாடல்களும் புனைந்துவந்தார். நாடக மேடைக்கு அக்காலத்தில் புதிய பாடல்கள் தேவைப்பட்டன, அத்தேவைக்காகவும் எழுதினார். எனினும் தம்மைக் கவிஞர் என்று அவர் கருதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பாரதியார் 1918இல் புதுவையை விட்டு நீங்கிய பின்னர்ச் செட்டிநாட்டுப் பகுதிக்கு வந்திருந்தார். அப்போது இராமலிங்கம் பிள்ளை அவரைக் கண்டார். ஓவியர் என்றே அறிமுகம் செய்யப்பட்டார். தம்மை ஓவியமாகத் தீட்டுமாறும், தாம் அவரைக் கவிதையில் தீட்டுவதாகவும் பாரதியார் விளையாட்டாகக் கூறினாராம். பின்னர், ஓவியர் பாட்டும் எழுதுபவர் என்றறிந்து பாடச் சொன்னார். தம் அரசைப் பிறர் ஆளவிட்டு நிற்போரின் இழிநிலையைக் கூறும் நாடகப் பாடல் ஒன்றை அவர் பாடினார். அப்பாடலின் பொருள் பாரதியாரைப் பற்றிக்கொண்டது. இவர் புலவரே, அதில் ஐயமில்லை என்று மகிழ்ந்து பாராட்டினார்.

இந்நிகழ்ச்சியை ஒரு பெருங்கவிஞர் மற்றொருவருக்கு அளித்த ஆசியாக மட்டும் கொண்டாடுவது வழக்கம். ஆனால் இதனைக் கற்றல் நோக்கில் காணும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, பாராட்டு பாடலைக் கேட்டபின் வந்தது. முகம் பார்த்தோ, குலம் கேட்டோ, முன்பெற்ற பதக்கம் கண்டோ வரவில்லை; எழுதப்பட்ட ஒரு பாடலை முன்னிறுத்தி வந்தது. மற்றொன்று, அது பிள்ளையின் பழைய அடையாளத்தை அழிக்கவில்லை. ஓவியரே, நீர் இதையும் செய்யவல்லீர் என்னும் வாயிலைத் திறந்து காட்டியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. முப்பது வயதில் ஒருவருக்கு அத்தகைய சொல் இவ்வளவு பயன்படுமாயின், ஏழு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பயன்படும்?

இக்காலக் கல்வி உளவியலும் இதனை ஆராய்ந்துள்ளது. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் சில புதிர்கள் தரப்பட்டன. விடை கண்டபின் சிலரை அறிவாளிகள் என்றும், வேறு சிலரை நன்கு முயன்றனர் என்றும் பாராட்டினர். அடுத்துக் கடினமான புதிர்கள் தரப்பட்டபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டோர் எளிதில் சோர்ந்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டோர் தொடர்ந்து முயன்றனர். பின்வந்த பேராய்வுகள், திறமை வளரும் என்ற நம்பிக்கையை ஊட்டுவதால் விளையும் பயன் மிதமானதே என்றும் காட்டியுள்ளன. எனவே இதனை மந்திரமாகக் கொள்ளலாகாது. நம்பிக்கையோடு நல்ல கல்வியும் வாய்ப்பும் சேர வேண்டும். இராமலிங்கம் பிள்ளைக்குப் பாரதியின் சொல் கிடைப்பதற்கு முன்பே தாயின் கதையும், பள்ளியும், கல்லூரியும், தூரிகையும் கிடைத்திருந்தன என்பதை மறத்தல் கூடாது.

நாட்டுக்குப் பாடிய காலம்

திலகரின் வழியில் ஈடுபாடு கொண்டிருந்த கவிஞர், பின்னர்க் காந்தியடிகளின் அறவழியே விடுதலைக்கு வழியெனத் தெளிந்தார். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி உப்பெடுக்க நடந்தனர். அந்நடைக்கென அவர் இயற்றிய பாடல் தொண்டர்தம் வாயில் வழிநெடுக ஒலித்தது. பின்னர்த் தமிழகம் முழுவதும் பரவியது.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அப்பாடலில் அகராதி தேடவேண்டிய சொல் இல்லை. நடையின் தாளத்துக்கு இசைந்த சந்தம் உண்டு. போரின் காட்சியைக் கேட்போர் கண்முன் நிறுத்தி, அதனின்றும் இப்போர் எவ்வாறு வேறுபட்டது என்று காட்டும் தெளிவு உண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் எளிமையும், நாடகப் பாடலாசிரியரின் தாள அறிவும், ஓவியரின் காட்சி நுட்பமும் ஓரிடத்தில் கூடியதன் விளைவே அது எனலாம். நிலைகொள்ளாமல் கழிந்ததாக ஊரார் எண்ணியிருக்கக்கூடிய ஆண்டுகளுள் ஒன்றும் வீணாகவில்லை.

1932இல் ஓராண்டுச் சிறைவாழ்வு. கவிதையோடு நின்றுவிடாமல் புதினம், நாடகம், திருக்குறள் உரை, தன்வரலாறு எனப் பல துறைகளிலும் அவர் கைவைத்தார். 1949இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக அமர்த்தியது. அவர் எழுதிய மலைக்கள்ளன் புதினம் 1954இல் திரைப்படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1971இல் பத்மபூஷண் விருது வந்தது. 1972 ஆகஸ்டு 24ஆம் நாள் கவிஞர் மறைந்தார். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. தலைமைச் செயலக வளாகத்தின் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

நமக்குரிய பாடம்

சேலம், நாமக்கல் சமவெளி இன்று கோழிப்பண்ணைக்கும் சரக்குந்துத் தொழிலுக்கும் மட்டுமன்றி, விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. மதிப்பெண் தேடி வெளிமாவட்டப் பிள்ளைகளும் இங்கு வந்து பயில்கின்றனர். பொதுத்தேர்வில் மாநிலத் தரவரிசை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. ஆயினும் வீட்டிலும் வகுப்பிலும் தரவரிசை நின்றபாடில்லை. பதினைந்து வயதுக்குள் பிள்ளைகளைத் தேறுவோர், தேறாதோர் என்று பிரித்துவிடுகிறோம். அந்த அளவுகோலால் அளந்திருந்தால், எழுத்தர் பணியும் ஆசிரியர் பணியும் நிலைக்காத மோகனூர் இளைஞரை நாம் எந்தப் பக்கம் நிறுத்தியிருப்போம்?

பத்தாண்டு நிறைவுறும் நம் இலக்கிய வட்டத்துக்கு இதில் தனிக்கடமை உண்டு. கூட்டங்களில் முதல் கவிதையைக் கைநடுங்கப் படிக்கும் இளையோரைப் பிறவிக் கவிஞர் என்று உயர்த்திவிடவும் வேண்டா. கவிதை வராது என்று தள்ளிவிடவும் வேண்டா. எந்த அடி நின்றது, எந்த அடி சரிந்தது, ஏன் சரிந்தது என்று எடுத்துக் காட்டுவோம். திருத்தி அடுத்த திங்கள் மீண்டும் கொண்டுவரச் சொல்லுவோம். பாடச் சொல்லிக் கேட்டபின் தீர்ப்புரைத்த பாரதியாரின் நெறி அதுவே. அழித்து மீண்டும் வரைந்த கவிஞர் இராமலிங்கனாரின் நெறியும் அதுவே.