மாடு மேய்த்த நாயனார்

சிவன் கோவில் பிரகாரத்தில் 63 நாயன்மார்களின் சிலைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் புல்லாங்குழலுடன் காட்சி தருவார்.

கண்ணன் எப்படி இங்கே வந்தான் என்று குழந்தைகள் கேட்பது உண்டு. அவர் கண்ணன் அல்ல. திருச்சிப் பக்கத்தில் மாடு மேய்த்தவர். அவர் பெயர் ஆனாய நாயனார். "ஆன்" என்றால் பசு. "ஆயர்" என்றால் இடையர்.

பிறந்த ஊர்

ஸ்ரீரங்கத்தில் இருந்து கொள்ளிடத்தைக் கடந்து வடகரைக்குப் போய், கிழக்கே திரும்பினால் லால்குடி வரும். அதன் அருகே உள்ள திருமங்கலத்தில் ஆனாயர் பிறந்தார். அந்தப் பகுதிக்கு அந்தக் காலத்தில் மேல்மழநாடு என்று பெயர்.

8-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சுந்தரர், சிவனடியார்களின் பெயர்களைத் தொகுத்துப் பாடினார். அதில் ஆனாயரும் இருக்கிறார். 12-ம் நூற்றாண்டில் பெரிய புராணம் எழுதிய சேக்கிழார், அவருடைய வரலாற்றை விரிவாகச் சொன்னார்.

இனம் பிரித்தார்

ஆனாயர் ஆயர்களின் தலைவர். உடம்பில் திருநீறு பூசிக்கொண்டு, துணை ஆட்களுடன் மாடுகளைக் காட்டுக்கு ஓட்டிச் செல்வார்.

எல்லா மாடுகளையும் ஒரே மந்தையாக அவர் விடவில்லை. இளங்கன்றுகள், பால்குடி மறந்த கிடாரிகள், கறவைப் பசுக்கள், சினைப் பசுக்கள், புதிதாகக் கன்று ஈன்ற பசுக்கள், காளைகள் என்று தனித்தனியாகப் பிரித்தார் என்கிறார் சேக்கிழார்.

இதில் பெரிய நன்மை இருக்கிறது. காளைகள் முட்டினால் சினைப் பசுவின் கரு கலைந்துவிடக்கூடும். பால்குடி மறந்த கன்றை மறுபடியும் தாயுடன் விட்டால், மடியைத் தேடும். பச்சை உடம்புள்ள பசுவால் மற்ற மாடுகளோடு வெகு தூரம் நடக்க முடியாது. சினை மாட்டையும் கன்றையும் தனியே பராமரிக்கும்படி இன்றைய கால்நடை மருத்துவர்களும் சொல்கிறார்கள்!

நல்ல புல்லும் தெளிந்த நீரும் எங்கே உண்டோ, அங்கே மாடுகளை ஓட்டிச் சென்றார். கொடிய விலங்குகளும் நோயும் அண்டாமல் காத்தார். மந்தை பெருகியது.

ஒரே இடத்தில் தினமும் மேய்த்தால், மாடுகள் புல்லை அடி வரை கடித்துவிடும். வேர் இளைத்துவிடும். பிறகு மழை பெய்தாலும் புல் தழைக்காது. இடம் மாற்றி மேய்த்தால், மேய்ந்த புல் மறுபடியும் துளிர்க்கும். அடுத்த முறை வரும்போது மாட்டுக்குத் தீனி இருக்கும்.

குழல் இசை

கார்காலத்தில் ஒரு நாள், ஆனாயர் காட்டில் ஒரு கொன்றை மரத்தைக் கண்டார். அதில் பொன் நிறப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கின. கொன்றை மாலை அணிந்த சிவபெருமானே எதிரில் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. உள்ளம் உருகியது. மூங்கில் குழலை எடுத்து, ஐந்தெழுத்து மந்திரத்தை இசையாக வாசித்தார்.

அப்போது நடந்ததைப் பெரிய புராணம் அழகாகச் சொல்கிறது. பசுக்கள் மேய்ச்சலை மறந்து அவரைச் சுற்றி நின்றன. பால் குடித்த கன்றுகள் வாயில் நுரையுடன் திரும்பிப் பார்த்தன. பாம்பும் மயிலும் பகை மறந்தன. புலியும் மானும் ஒன்றாக வந்து நின்றன. சிவபெருமான் உமையுடன் காளை வாகனத்தில் தோன்றி, ஆனாயரைத் தம்முடன் அழைத்துக்கொண்டார்.

கடமையே வழிபாடு

பூசை செய்வதற்காக ஆனாயர் தொழிலை விட்டுவிடவில்லை. மாடுகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். அவை வயிறு நிறைய மேய்ந்ததால்தான் அவர் கவலை இல்லாமல் குழல் ஊத முடிந்தது. பசித்த மாட்டை வைத்துக்கொண்டு யாரால் பாட முடியும்?

இன்று திருமங்கலம் பக்கத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. பல ஊர்களில் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மந்தைவெளியில் வீடுகள் எழும்பிவிட்டன. அதனால், மிஞ்சி இருக்கும் புல்தரையைக் காப்பது ஊரார் அனைவரின் பொறுப்பு. வீட்டில் இரண்டே மாடுகள் இருந்தாலும், ஆனாயரைப் போல ஒவ்வொன்றின் தேவையையும் அறிந்து கவனிக்கலாம்.

ஆண்டுதோறும் கார்த்திகை மாதம் அஸ்த நட்சத்திரத்தில் ஆனாயரின் குருபூசை நடக்கிறது. அன்று கோவிலுக்குப் போனால், குழல் ஏந்திய நாயனாரைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மாடு மேய்ப்பது இழிவான வேலை என்று அவர்கள் ஒருபோதும் நினைக்கமாட்டார்கள்.