சென்னையில் சிறுகோள் தேடிய போக்சன்

நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலர் இப்போது இணையத்தில் சிறுகோள்களைப் பற்றி ஆர்வமாகப் பார்க்கிறார்கள். இதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் சமாச்சாரம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் நம் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்தே ஐந்து சிறுகோள்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. கண்டுபிடித்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வாழ்க்கை அவருடையது.

போக்சன் 1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தார். தந்தை காலுறை உற்பத்தியாளர். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் பையனைப் பெட்டியடியில் உட்கார வைத்ததுபோல, அவரையும் தொழிலுக்குக் கொண்டுவரவே வீட்டில் எண்ணினார்கள். பையனுக்கோ கணக்கின் மேல்தான் நாட்டம். 16 வயதில் பள்ளியை விட்டுக் கணிதம் கற்பிக்கப் போனார். 18 வயதில் இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணக்கிட்டார். பிறகு ஆக்ஸ்போர்டு ராட்கிளிஃப் வானாய்வகத்தில் வேலை. அங்கே மூன்று சிறுகோள்களைக் கண்டார்.

1856இல் அவர் சொன்ன ஒரு கணக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது. முதல் வரிசை விண்மீன் ஆறாம் வரிசை விண்மீனைவிட 100 மடங்கு பிரகாசம். இடையில் ஐந்து படிகள். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 2.512 மடங்கு. கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

1861 தொடக்கத்தில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்க வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். பின்னர் சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) வந்தன. சில்வியாவைச் சுற்றி இரண்டு குட்டி நிலாக்கள் இருப்பது நம் காலத்தில்தான் தெரிந்தது.

அன்று இந்த வேலைக்குப் புகைப்படம் துணையில்லை. தொலைநோக்கியில் தெரியும் விண்மீன்களை வரைபடத்தில் குறித்து, மறுபடி ஒரு நாள் சரிபார்க்க வேண்டும். பேரேட்டில் நேற்றைய இருப்பையும் இன்றைய இருப்பையும் ஒப்பிடுவதுபோல. இடம் மாறிய புள்ளி எதுவோ, அதுதான் சிறுகோள்.

அவருடைய முதன்மை உதவியாளர் நம்மவர், சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கம் கணித்த குடும்பத்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைச் சாதாரண மக்களுக்கு விளக்கித் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார்.

போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் அங்கேயே கணிப்பாளராக வேலை பார்த்தார். சம்பளம் 150 ரூபாய். அந்நாளில் ஒரு சமையல்காரருக்கும் அவ்வளவுதான். 1886இல் லண்டன் ராயல் வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் சேர்க்கவில்லை. 1920இல்தான் உறுப்பினரானார்.

ஆட்கள் போதாமல் போக்சனின் பல ஆண்டுக் குறிப்புகள் அச்சேறாமல் தேங்கின. 1891இல் சென்னையிலேயே காலமானார். அடுத்து வந்த மிச்சி ஸ்மித்தான் மீதியை அச்சிட்டு முடித்தார். எத்தனை உழைத்தாலும் கணக்கை முடித்து வைக்க இன்னொருவர் வேண்டியிருக்கிறது. 1792இல் நிறுவிய அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்லலாம்.

அவர் செய்த அதே வேலையை இன்று நம் பிள்ளைகளும் செய்ய முடியும். சர்வதேச வானியல் தேடல் கூட்டுத் திட்டம், ஹவாய்த் தொலைநோக்கி எடுத்த படங்களை மாணவர் குழுக்களுக்கு இலவசமாக அனுப்புகிறது. அடுத்தடுத்த படங்களில் நகரும் புள்ளியைத் தேடி அறிக்கை அனுப்ப வேண்டும். பள்ளி ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ குழுவை வழிநடத்தினால் போதும். நம் குடியிருப்பிலேயே ஒரு குழு அமைக்கலாம். விருப்பமுள்ள பெற்றோர் சங்க அலுவலகத்தில் பிள்ளையின் பெயரைக் கொடுங்கள். படங்களைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பெரிய லாபம். ஒருநாள் அமாவாசை இரவில் மொட்டை மாடி விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து வானத்தையும் பார்ப்போம்.