பிறந்த பிள்ளைக்கு இலக்கம் போட்ட வைத்தியர்

கொட்டாஞ்சேனையில் பிள்ளை பெற்றிருந்த அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரித் துண்டில் 'அப்கார் 9' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று அக்கா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வெள்ளவத்தை அறைக்குத் திரும்பித் தேடிப் படித்தபோதுதான், அது ஒரு பெண் வைத்தியரின் பெயர் என்று அறிந்தேன்.

வேர்ஜினியா அப்கார் 1909இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிறந்தவர். 1933இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். சத்திரசிகிச்சை நிபுணராவதே அவரது விருப்பம். பெண்ணொருவர் அத்துறையில் நிலைப்பது கடினம் என்று கருதிய பேராசிரியர், அவரை மயக்கமருந்துத் துறைக்குத் திருப்பிவிட்டார். அன்று வைத்தியர்கள் அதிகம் மதிக்காத துறை அது. 1938இல் அந்தப் பிரிவின் தலைவரானார். 1949இல் அக்கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரும் ஆனார்.

பிரசவ அறையில் எல்லோரது கவனமும் தாயின் மீதே இருந்தது. பிறந்த பிள்ளையை முறையாகப் பரிசோதிக்கும் வழக்கம் இருக்கவில்லை. 1952இல் அப்கார் ஒரு எளிய கணக்கை வகுத்தார். இதயத்துடிப்பு, சுவாசம், தசையின் உறுதி, தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1 அல்லது 2 புள்ளிகள். மொத்தம் 10. பிறந்து ஒரு நிமிடத்தில் இதைப் பார்க்க வேண்டும். பின்னர் ஐந்தாம் நிமிடமும் சேர்ந்தது.

இலக்கத்தை எழுதத் தொடங்கியதும் வைத்தியசாலைகள் தங்கள் வேலையையே அளந்து பார்க்க முடிந்தது. பிரசவத்தின்போது தாய்க்குக் கொடுத்த சைக்ளோபுரோப்பேன் என்ற மயக்கவாயு பிள்ளையைச் சோரவைப்பது தெரியவந்தது. அப்கார் விரும்பிப் பயன்படுத்திய மருந்து அது. அதை அவர் கைவிட்டார். பின்னர் 12 நிறுவனங்களில் 17,221 பிள்ளைகளின் பதிவுகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஐந்தாம் நிமிடப் புள்ளிக்கும் பிள்ளை பிழைப்பதற்கும் உள்ள தொடர்பு உறுதியானது. 1974இல் அவர் காலமானார்.

நான் இடம்பெயர்வில், மருத்துவிச்சி ஒருவரின் கையில் பிறந்தவன். எனக்கு இலக்கமும் இல்லை, துண்டும் இல்லை. 2009இல் வன்னியில் மயக்கமருந்து போதாமலே காயப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். எழுதப்படாத வலியைப் பின்னாளில் நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆகவே பிள்ளையை சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். என்ன மயக்கமருந்து கொடுத்தார்கள், பிள்ளைக்கு ஒவ்வாமை ஏதும் வந்ததா என்று கேளுங்கள். அதை எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தத் துண்டு உதவும். அக்கா தன் துண்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.