ரசம் வேண்டாம்னு சொன்னதுக்கு ஊரைவிட்டே போன மேதை!

சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சு ரூமுக்கு வந்து, வீட்டு நம்பரைப் பார்த்தும் போன் பண்ணத் தோணாம படுத்திருக்கீங்களா? கடலூர் - சிதம்பரம் ரோட்டுல அப்படி நிறைய ரூம்கள் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னாடி கேம்பிரிட்ஜிலும் அப்படி ஒரு ரூம் இருந்தது. அதில் இருந்தவர் சீனிவாச ராமானுஜன்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் காலேஜ் ஸ்காலர்ஷிப் போனது. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு வேலை தேடி திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயரிடம் நோட்டை நீட்டினார். (அப்போ அது தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் நம்ம கடலூர்!) அப்புறம் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய் கிளார்க், பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம், 1914 மார்ச்சில் கப்பல். இதெல்லாம் தெரிந்த கதைதான். நாம் ஸ்கிப் பண்ணிவிடுவது அடுத்த ஐந்து வருஷத்தை.

சுத்த சைவம், தானே சமையல், குளிர். போன சில மாதத்தில் உலகப்போர். ஊரில் மனைவி ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் கோமளத்தம்மாள் போகவிடவில்லை. ஹார்டி அக்கறையானவர்தான். ஆனால், இருவருக்கும் கணக்கைத் தாண்டிய பேச்சு குறைவு.

ஒருநாள் நண்பர்களை விருந்துக்குக் கூப்பிட்டு ராமானுஜனே ரசம் வைத்தார். ரெண்டு தடவை வாங்கிக் குடித்தவர்கள் மூணாவது தடவை வேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான். எழுந்து வெளியே போனவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது!

சிரிப்பு வருதுல்ல? ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய சிகிச்சைமுறை இந்த மாதிரி இடத்தில்தான் கை வைக்கிறது. நடந்தது ஒன்றுதான். வயிறு நிறைஞ்சிடுச்சு என்றும் எடுத்துக்கலாம், என்னை அவமானப்படுத்திட்டாங்க என்றும் எடுத்துக்கலாம். மனச்சோர்வில் இருக்கும் மனசு ரெண்டாவதைத்தான் சட்டென்று பிடிக்கும். அந்த எண்ணத்தை எழுதிவைத்து, இதுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டுப் பழகுவதுதான் சிகிச்சையின் முக்கிய வேலை. ராமானுஜனுக்கு மனச்சோர்வு நோய்தான் இருந்தது என்று இன்று சர்டிபிகேட் கொடுக்க முடியாது. ஆனால் விசாகப்பட்டினத்தையும் ஆக்ஸ்ஃபோர்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது.

1917-ல் காசநோய் என்று சொல்லி சானடோரியத்தில் போட்டார்கள். அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெலோஷிப் கை நழுவியது. 1918 தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார், ஹார்டி ஓடிவந்து போலீஸிடம் பேசி மீட்டார். மே மாதம் ராயல் சொசைட்டி ஃபெலோ ஆனார், அக்டோபரில் டிரினிட்டியும் ஏற்றுக்கொண்டது. வேலை மறுபடி சூடுபிடித்தது. பலன் தரும், பிடித்த செயல்கள் வாழ்க்கையில் குறையக் குறைய சோர்வு ஏறும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்தால் இறங்கும் என்று பீட்டர் லெவின்சன் 1970-களில் சொன்னது இதைத்தான். இதுக்கு ராயல் சொசைட்டி பட்டம் தேவையில்லை. சாயங்காலம் ஒரு வாக், ஒரு கிரிக்கெட் மேட்ச் போதும், ஆரம்பிக்க. தாங்க முடியலைன்னா 14416-க்கு அடிங்க. டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். ராமானுஜனுக்கு அப்படி ஒரு நம்பர் கிடையாது.

1919-ல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கடைசி ஒரு வருஷம் ஜானகி கூடவே இருந்தார். வலி வரும்போதெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததை வயதான பிறகும் சொல்லுவார். படுத்தபடியே ராமானுஜன் கணக்குப் போட்டார். மாக் தீட்டா சார்புகள் பற்றி 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தபோது வயது 32.