காதுக் குழல் பிடித்த இசை மேதை

உலகப் புகழ் பெற்ற இசை மேதை பீத்தோவன். ஐரோப்பாவில் மட்டும் அல்ல, ஜப்பானிலும் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் அவருடைய இசையை ஊர் ஊராக வாசிக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்கிறார்கள்.

ஆனால், அந்த இசையை அமைத்த பீத்தோவனுக்குக் காது கேட்காது!

கண் இல்லாத ஓவியரை நினைத்துப் பார்க்க முடியுமா? காது கேளாத இசைப் புலவரும் அப்படித்தான். அந்த நிலையிலும் பீத்தோவன் எப்படி வாழ்ந்தார்? எப்படிப் பேசினார்? எப்படி இசை அமைத்தார்?

குடிகாரத் தந்தை

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள ஊர் பான். அங்கே 1770-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பீத்தோவன் பிறந்தார்.

தந்தை அரண்மனைப் பாடகர். நல்ல குரல் உண்டு, சம்பளமும் உண்டு. குடிப்பழக்கமும் உண்டு. மகனுக்கு இசை நன்றாக வருகிறது என்று கண்டதும், அவனை வைத்துப் பணம் சம்பாதிக்கத் திட்டம் போட்டார். சின்னஞ்சிறு பையன் வாத்தியத்தின் முன்னால் நின்று அழுதுகொண்டே வாசிப்பதை அக்கம் பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள்.

1778-ம் ஆண்டு மார்ச் மாதம் கொலோன் நகரில் பையனின் முதல் கச்சேரி நடந்தது. அப்போது அவனுக்கு 7 வயது. தந்தையோ விளம்பரத்தில் 6 வயது என்று போட்டார். வயது குறைந்தால் கூட்டம் கூடும் அல்லவா!

1787-ல் தாயார் காச நோயால் இறந்தார். தந்தையின் குடி அதிகமாயிற்று. வீட்டில் இரண்டு தம்பிகள் இருந்தார்கள். 1789-ல், தந்தையின் சம்பளத்தில் பாதியைத் தன் கையில் கொடுக்கும்படி பீத்தோவன் அரண்மனைக்கு மனுப் போட்டார். மனு ஏற்கப்பட்டது. 18 வயதில் குடும்ப பாரம் அவர் தலையில் விழுந்தது.

வியன்னாவில் புகழ்

1792 நவம்பரில் பீத்தோவன் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குப் போனார். அங்கே பெரிய இசை ஆசிரியரான ஹைடனிடம் பாடம் கேட்டார்.

பியானோ வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் வந்தது. பிரபுக்கள் மாளிகைக்கு அழைத்தார்கள். சீமாட்டிகள் அவரிடம் பாடம் கற்றார்கள். கையில் பணம் புரண்டது.

அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது.

இரவும் பகலும் இரைச்சல்

அப்போது அவருக்கு 27, 28 வயது இருக்கும். காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கத் தொடங்கியது. இரவும் பகலும் அது ஓயவில்லை.

நாடகம் பார்க்கப் போனால், வாத்தியக்காரர்களை ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. சற்றுத் தள்ளி உட்கார்ந்தால், மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் காதில் விழவில்லை. யாராவது மெதுவாகப் பேசினால் சத்தம் கேட்கும், சொற்கள் புரியாது. உரக்கக் கத்தினாலோ தாங்க முடியாது.

இந்தத் துன்பத்தை 1801-ல் தன் பால்ய நண்பரான டாக்டர் வேகலருக்குக் கடிதத்தில் எழுதினார். சுமார் இரண்டு ஆண்டுகளாக மனிதர் கூட்டத்துக்கே போகவில்லை என்றும் அதில் தெரிவித்தார்.

வைத்தியர்கள் பலர் வந்தார்கள். காதில் பாதாம் எண்ணெய் விட்டார்கள். குளிர்ந்த நீரில் குளிக்கச் சொன்னார்கள். பிறகு வெதுவெதுப்பான டான்யூப் நதி நீரில் குளிக்கச் சொன்னார்கள். கைகளில் மரப்பட்டையை வைத்துக் கட்டிக் கொப்புளம் வரச் செய்தார்கள். எதிலும் காது குணமாகவில்லை.

மறைத்து வைத்த ரகசியம்

நோயைவிடப் பெரிய துன்பம், அதை மறைப்பது.

தச்சருக்குக் காது கேட்காவிட்டால் ஊர் இரக்கப்படும். இசைக்காரருக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் பிழைப்பே போய்விடும்! எதிரிகள் சிரிப்பார்கள். கொஞ்சம் உரக்கப் பேசுங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எதையோ நினைத்துக்கொண்டு கவனிக்காமல் இருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

1802-ம் ஆண்டு, காதுக்கு ஓய்வு கொடுக்கும்படி டாக்டர் சொன்னார். வியன்னாவுக்கு வெளியே ஹைலிகன்ஸ்டாட் என்ற அமைதியான கிராமத்தில் பீத்தோவன் தங்கினார்.

ஒரு நாள் மாணவர் ரீஸுடன் உலாவப் போனார். தூரத்தில் ஒரு இடையன் புல்லாங்குழல் வாசித்தான். குழலோசை இனிமையாக இருக்கிறது என்றார் ரீஸ். பீத்தோவன் நின்று காது கொடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

ரீஸுக்கு விஷயம் புரிந்தது. தனக்கும் இப்போது எதுவும் கேட்கவில்லை என்று அவர் பொய் சொன்னார். குருவின் மனம் நோகக்கூடாதே! ஆனால் பீத்தோவன் அதை நம்பவில்லை. முகம் வாடி மௌனமாகிவிட்டார்.

அந்த அக்டோபர் மாதம் பீத்தோவன் தம்பிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உயில் போன்ற கடிதம் அது. தன் குறையை மறைத்து வாழும் வேதனையை அதில் கொட்டினார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததையும், இசைதான் தன்னைத் தடுத்து நிறுத்தியது என்பதையும் எழுதினார். மனத்தில் உள்ள இசையை எல்லாம் உலகுக்குக் கொடுக்காமல் போவது எப்படி என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. 25 ஆண்டுகள் கழித்து, அவர் இறந்த பிறகுதான் அது காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. கடிதம் எழுதியபோது அவருக்கு வயது 31தான்!

இனி ரகசியம் இல்லை

கிராமத்திலிருந்து திரும்பிய பீத்தோவன் வெறி பிடித்தவர் போல் உழைத்தார். 3-வது சிம்பனி பிறந்தது. சிம்பனி என்றால், பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசை.

1806-ல் ஒரு மாற்றம் வந்தது. இசைக் குறிப்பு எழுதும் தாளின் ஓரத்தில் தனக்குத் தானே ஒரு வரி எழுதிக்கொண்டார். காது கேளாமை இனி ரகசியமாக இருக்க வேண்டாம், கலையிலும் அதை மறைக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

மறைப்பதை விட்டால்தான் உதவியைத் தேட முடியும். பீத்தோவன் தேடத் தொடங்கினார்.

குழல் செய்த விந்தை மனிதர்

வியன்னாவில் மேல்சல் என்று ஒருவர் இருந்தார். இயந்திர வேலையில் கெட்டிக்காரர். தானே பல வாத்தியங்களை வாசிக்கும் இயந்திரம் செய்தவர். சதுரங்கம் ஆடும் அதிசய பொம்மை ஒன்றை வாங்கி வைத்து ஊரை வியக்க வைத்தவர். (பொம்மைக்குள் ஒரு ஆள் ஒளிந்திருந்தது தனிக்கதை!) இசைக்காரர்கள் தாளக் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம் கருவியைப் பரப்பியவரும் அவரே.

1812-லிருந்து 1814 வரை மேல்சல் பீத்தோவனுக்காகக் காதுக் குழல்கள் செய்தார். அப்போது பீத்தோவனுக்கு 40 வயது தாண்டிவிட்டது.

காதுக் குழலில் மின்சாரம் கிடையாது. ஒரு முனை புனல் போல் அகலமாக இருக்கும். மறுமுனை ஒடுங்கிக் காதுக்குள் பொருந்தும். அகன்ற வாய் சத்தத்தைத் திரட்டிக் காதுக்குள் அனுப்பும்.

எதிரே இருப்பவர் குழலின் வாயருகே பேசினால் கொஞ்சம் கேட்கும். ஆனால் பேச்சோடு நாற்காலி இழுக்கும் சத்தமும், தெருச் சத்தமும் சேர்ந்து உள்ளே போகும். எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்காது, இசை உருமாறிவிடும். ஸ்வர சுத்தம் தேடும் காதுக்கு அது போதுமா?

மேல்சலுக்கும் பீத்தோவனுக்கும் நடுவில் ஒரு இசை உருப்படியின் உரிமை பற்றிச் சண்டை வந்தது. வழக்கு வரை போயிற்று. பிறகு 1817-ல் சமாதானம் ஆனார்கள்.

1814-ல் பீத்தோவன் கச்சேரிக்கு ஒத்திகை பார்த்தார். உரத்து வாசிக்க வேண்டிய இடத்தில், தந்திகள் அதிரும்படி அடித்தார். மென்மையான இடத்தில் விரல் பட்டும் ஒலியே எழவில்லை. பியானோவில் சுருதி கலைந்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அதன் பிறகு விரைவிலேயே அவர் மேடையில் பியானோ வாசிப்பதை விட்டுவிட்டார்.

காகிதத்தில் பேச்சு

1818-ல் குழலும் போதாமல் போயிற்று. பீத்தோவன் ஒரு புது வழி கண்டார்.

எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் சொல்ல வேண்டியதை அதில் எழுதுவார்கள். அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார்.

அப்படிப்பட்ட நோட்டுகள் 130-க்கு மேல் இன்றும் இருக்கின்றன. இசை விஷயம் மட்டுமா அவற்றில் இருக்கிறது? கடைச் சாமான் பட்டியல், வேலைக்காரியின் தகராறு, வாடகை வீட்டு விளம்பரம், தம்பி மகனின் படிப்பு, எல்லாம் இருக்கின்றன. மற்றவர் கேள்விகள் இருக்கின்றன. பீத்தோவன் வாயால் சொன்ன பதில்கள் காற்றோடு போய்விட்டன.

லண்டனிலிருந்து பிராட்வுட் கம்பெனி அவருக்கு ஒரு பியானோவைப் பரிசாக அனுப்பியது. 1820-ல் ஸ்டைன் என்ற பியானோ தொழிலாளி அதன் மேல் உலோகத்தால் ஒரு கூடு செய்து பொருத்தினார். எழும் ஒலி சிதறாமல் வாசிப்பவர் பக்கம் திரும்ப வேண்டும் என்பது நோக்கம். ஒன்று பயன்படாவிட்டால் மற்றொன்று! பீத்தோவன் முயற்சியை விடவில்லை.

அந்நியருக்குச் சொன்ன யோசனை

1823-ல் காது மந்தமான ஒருவர் பீத்தோவனிடம் யோசனை கேட்டார். அக்கம் பக்கத்தில் உள்ளவர்கள் கேட்கக்கூடாது என்பதற்காகப் பீத்தோவன் நோட்டில் எழுதியே பதில் சொன்னார். கருவிகளைச் சீக்கிரமாகப் பயன்படுத்த வேண்டாம் என்பது அவர் யோசனை. தான் அப்படித் தவிர்த்ததால்தான் இடது காது ஓரளவு தப்பியது என்று அவர் நம்பினார்.

இன்றைய டாக்டர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. காது மந்தம் என்று தெரிந்ததும் கருவி வைத்துக்கொள்வதே நல்லது. வருடக்கணக்கில் தள்ளிப் போட்டால், மூளை அந்த ஒலிகளை மறந்துபோகிறது. பிறகு கருவி வைத்தாலும் பழகுவது கடினம்.

புதிதாக வைப்பவர்களுக்குத் தன் குரலே வேறு ஆள் குரல் போல் இருக்கும். தட்டு விழுந்தால் வெடி வெடித்தது போல் இருக்கும். சில வாரங்கள் பொறுத்து, நாள்தோறும் வைத்துப் பழகினால் சரியாகிவிடும்.

பார்த்து அறிந்த கைதட்டல்

1824-ம் ஆண்டு மே 7-ந்தேதி. வியன்னாவில் 9-வது சிம்பனி அரங்கேறியது. பீத்தோவனுக்கு வயது 53.

அவர் மேடையில் நின்று கையசைத்தார். ஆனால் உம்லாப் என்பவரைப் பார்த்து வாசிக்கும்படி வாத்தியக்காரர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

இசை முடிந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. பீத்தோவன் சபைக்கு முதுகு காட்டி நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கரோலின் உங்கர் என்ற பாடகி அருகில் போய் அவரை மெல்லத் திருப்பிவிட்டாள். அப்போதுதான் அவர் கைதட்டலைக் கண்ணால் பார்த்தார்! அவருக்குத் தெரியும்படி கூட்டத்தினர் கைக்குட்டைகளை வீசி ஆட்டினார்கள்.

1827 மார்ச் 26-ந்தேதி பீத்தோவன் காலமானார். வயது 56. இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள்.

காது போன காரணம் என்ன? 2023-ல் விஞ்ஞானிகள் அவருடைய தலைமுடியை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். ஈரல் நோய்க்குத் தடயம் கிடைத்தது. காது கேளாமைக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அவர் இறந்து சுமார் 70 ஆண்டுகள் கழித்துத்தான் மின்சாரத்தால் இயங்கும் காதுக் கருவி வந்தது. இன்று காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் கருவி சிறுத்துவிட்டது. ஆனாலும் அதை வைத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் உண்டு. கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள்கூடக் காதுக் கருவிக்கு வெட்கப்படுகிறார்கள்.

மேல்சல் செய்த காதுக் குழல்கள், பான் நகரில் பீத்தோவன் பிறந்த வீட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கையளவு, ஒன்று நீளம். எதையும் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டு பயன்படுத்த முடியாது. நாலு பேர் பார்க்கத்தான் காதில் வைத்தாக வேண்டும். அப்படி வைத்துத்தான் அவர் கேட்டார்.